மாதம்மாள் தேர்ந்தெடுத்த வேதியியல்

தன் மகளுக்கு எந்த வேதியியல் ஏற்றது என்று தீர்மானிக்கும் முழு உரிமையும் தனக்கு வழங்கப்பட்டிருப்பதை மாதம்மாள் ஒரு ஜூலை மாதத்துக் காலையில், மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அறிந்துகொண்டாள். அவள் கையெல்லாம் மண் என்பதால் தபால்காரர் வரப்பில் நின்றபடியே கடிதத்தைப் படித்துக் காட்டினார். 'தெரிவுச் சுதந்திரம் தங்களுடையது' என்று அதில் மூன்று இடங்களில் இருந்தது. மூன்றாவது இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

மாதம்மாள் எட்டாவது வரை படித்தவள். மிளகில் எந்தக் கொடி காய்க்கும், எது வெறும் இலையாகப் போகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள். வேதியியலை அவள் அதுவரை எதற்காகவும் தேர்ந்தெடுத்ததில்லை.

"யோகந்தான் போ. எங்களுக்கெல்லாம் வாத்தியாரு குடுத்ததுதான் பாடம். உனக்கு நீயே எடுத்துக்கலாமாமா" என்றார் தபால்காரர்.

விஷயம் இதுதான். மாதம்மாளின் மகள் கோகிலா பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தொன்று வாங்கியிருந்தாள். முடிவு வந்த மறுவாரமே, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் நிழல் கிளைகளை வெட்டிக் கழிக்க ஏறியவள் ஏணி சறுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. நாமக்கல்லில் தகடு வைத்து அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்குப் பேருந்தில் ஏறக் கூடாது, பெஞ்சில் உட்காரக் கூடாது என்றார் மருத்துவர். மருத்துவமனையில் இருபத்திரண்டு நாள் கிடந்தவளுக்கு அங்கே ஊசி போட வந்த நர்ஸ் அக்காக்களைப் பார்த்து அந்தப் படிப்பின் மேல் ஆசை விழுந்துவிட்டது. நர்ஸ் படிப்புக்கு வேதியியல் வேண்டும்.

மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் நல்ல மனுஷர். மலை மேல் அவர்கள் ஊர் இருக்கும் பைல்நாட்டுக்கு அவரே வண்டி எடுத்துக்கொண்டு வந்து கோகிலாவின் கட்டிலருகே உட்கார்ந்தார். "பேரு நம்ம ரோல்ல இருக்கட்டும். ஊட்டுல இருந்தே படிக்கட்டும். தமிழு, இங்கிலீஷு, உயிரியல், இயற்பியல் எல்லாத்துக்கும் நம்ம புத்தகமே போதும். வேதியியலுக்கு மட்டும் தனி மன்றம் வெச்சிருக்காங்க. அவங்க ஒப்புதலை டிசம்பருக்குள்ள வாங்கிட்டா பிளஸ் டூவுக்குத் தள்ளி விட்டுருவேன்" என்றார்.

"வேதியியலுக்கு மட்டும் ஏனுங்க சார்?" என்று கேட்டான் கோகிலாவின் அப்பா சின்னுசாமி.

"அதுல அமிலம் இருக்குதில்ல" என்றார் தலைமையாசிரியர். அவர் குரலில் இருந்தது மரியாதையா பயமா என்று மாதம்மாளுக்குப் பிடிபடவில்லை.

*

இல்லவழி வேதியியல் பாடத்திட்டத் தெரிவு மன்றம், சேந்தமங்கலத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போது யூரியா வாசனை வந்தது. வேதியியலுக்கு அந்த மன்றம் மிக நெருக்கமாகப் போனது அந்தப் படிக்கட்டில்தான் என்று பிற்பாடு மாதம்மாள் நினைத்துக்கொண்டாள்.

உள்ளே ஏழு மேசைகள். நடுவில் ஒரு கண்ணாடி பீரோ. அதில் பளபளவென்று புத்தகங்கள். பிரபாவதி என்ற எழுத்தர் அம்மாள் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அரசு அலுவலகத்தில் ஒருத்தி தனக்காக எழுந்து நின்றது மாதம்மாளுக்கு முதலில் சந்தோஷமாகவும், அடுத்த நிமிடம் கலக்கமாகவும் இருந்தது.

"ஏனுங்க, எம்புள்ளைக்கு வேதியியல் பொஸ்தகம் வாங்கோணும்ங்க."

"புத்தகம் இல்லம்மா, பாடத்திட்டம். அஞ்சு இருக்கு. எது வேணும்?"

"எதுங்க நல்லது?"

பிரபாவதி பேனாவைக் கீழே வைத்தாள். "அதை நான் சொல்லக் கூடாதும்மா. சொன்னா உங்க சுதந்திரத்துல தலையிட்டதா ஆயிடும். போன வருசம் இங்க ஒருத்தர் 'ரெண்டாவது பரவால்ல'ன்னு வாய் தவறிச் சொல்லிட்டார். மெமோ குடுத்துட்டாங்க."

ஐந்து பாடத்திட்டங்களின் பட்டியலை அவள் நீட்டினாள். முதலாவது, 'வேதியியல் வாசல்.' இதற்கு வீட்டில் முந்நூறு சதுர அடியில் ஓடு பதித்த தனி அறை வேண்டும். இரண்டாவது, 'எளிய வேதியியல்.' முதலாவதை முடித்தவர்களுக்கு மட்டும். மூன்றாவது முழுக்கக் கணினியில். அதை இறக்கிக்கொள்ள இணையம் விடாமல் ஆறு மணி நேரம் கிடைக்க வேண்டும். பைல்நாட்டில் அவர்கள் ஊரில் பாறை மேல் ஏறி நின்றால் ஆறு நிமிடம் கிடைக்கும். நான்காவது, 'நம் மூதாதையர் வேதியியல்.' அதை எழுதியவர் மன்றத் தலைவர் முனைவர் மணிவண்ணன். ஐந்தாவதற்கு நேராக 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றிருந்தது.

"அஞ்சாவதையும் தேர்ந்தெடுக்கலாமுங்களா?"

"தாராளமா. போன வருசம் நாலு பேர் அதைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. காத்திருக்காங்க."

மாதம்மாள் பையிலிருந்து ஒரு பழைய பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தை எடுத்தாள். சின்னுசாமி செம்மேட்டில் யாரிடமோ கேட்டு வாங்கி வந்தது. கோகிலா படுத்தபடியே அதில் மூன்று பாடம் முடித்துவிட்டிருந்தாள். "இதையே படிச்சா ஆகாதுங்களா? புள்ளைக்கு இது புரியுதுங்கறா."

பிரபாவதி புத்தகத்தைத் தொடவில்லை. "இது பள்ளிக்கூடத்துக்கான புத்தகம்மா. உங்க வீடு பள்ளிக்கூடம் இல்லையே."

மாதம்மாள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். அவள் வீடு பள்ளிக்கூடம் இல்லைதான்.

பீரோவில் இருப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேட்டாள். பார்க்கலாம்தான், ஆனால் சாவி கள அலுவலர் கதிர்வேல் சாரிடம் இருக்கிறது, அவர் வெளிப்படைத்தன்மை பற்றிய பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்றாள் பிரபாவதி. பிறகு பன்னிரண்டு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். ஒரு பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் மற்ற நான்கையும் ஏன் நிராகரிக்கிறார் என்பதற்குத் தனித்தனியே ஒரு பக்கம் எழுத வேண்டும். கோகிலாவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசலை இணைக்க வேண்டும்.

"பாக்காம எப்பிடிங்க வேண்டாம்னு எழுதறது?"

"பெரும்பாலும் பாக்காமத்தாம்மா எழுதறாங்க" என்றாள் பிரபாவதி. அதில் கேலி இல்லை. உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னாள்.

*

படிவத்தைக் கோகிலாதான் எழுதினாள். மல்லாந்து படுத்து, அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்கவில்லை, பென்சிலால் எழுதினாள். பென்சில் என்பதால் மன்றம் திருப்பி அனுப்பியது. ஒருக்களித்துப் படுத்துப் பேனாவால் எழுதினாள். அன்றைக்கெல்லாம் இடுப்பு வலித்தது. 'வேதியியல் வாசல்' வேண்டும் என்றும், ஓடு பதித்த அறைக்குப் பதிலாகச் சிமெண்டு பூசிய சமையல்கட்டை ஏற்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். நான்காவதைப் பற்றி, 'அதில் அணு என்ன என்று சொல்லவில்லை, அது நம்முடையது என்று மட்டும் சொல்லியிருப்பதாகக் கேள்வி' என்று எழுதினாள்.

அதுவும் திரும்பி வந்தது. மாதம்மாள் மறுபடி மலையிறங்கினாள்.

"நாலாவதை வேண்டாம்னு எழுதினது கொஞ்சம் காரமா இருக்கும்மா" என்று பிரபாவதி குரலைத் தாழ்த்தினாள். "தலைவர் மனசு கஷ்டப்பட்டுட்டார். கருத்துச் சுதந்திரம் இருக்குதான். ஆனா கையெழுத்துப் போடறவரும் மனுசர்தானே."

கோகிலா மூன்றாம் முறை எழுதினாள்: 'நான்காவது பாடத்திட்டத்தின் உயரத்துக்கு நாங்கள் இன்னும் வளரவில்லை.' இது உடனே ஏற்கப்பட்டது. அந்த ஒரு வரியைத் தலைவர் ஒளிநகல் எடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

கோகிலா அதைக் கேட்டுச் சிரித்தாள். மாதம்மாளும் சிரித்தாள். அதற்குள் ஆகஸ்ட் முடிந்திருந்தது.

*

செப்டம்பரில் ஆய்வுக்கு வந்தார்கள். ஒரு ஜீப். அதில் கள அலுவலர் கதிர்வேலும், கையில் நாடாவோடு ஓர் உதவியாளரும். கதிர்வேலுக்கு நாற்பது வயதிருக்கும். ஜீப்பிலிருந்து இறங்கியதும் கோகிலாவின் கட்டில் மேலிருந்த பழைய புத்தகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

சமையல்கட்டு அளக்கப்பட்டது. அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. "புகை வெளியேறும் வழி என்ன?" என்று கேட்டார் கதிர்வேல். ஓட்டு இடுக்கைக் காட்டினாள் மாதம்மாள். 'வாயு வெளியேற்றி இல்லை' என்று குறிக்கப்பட்டது. பிறகு அங்கிருந்த பொருட்களை உதவியாளர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். புளி: அமிலம். சுண்ணாம்பு: காரம். உப்பு: உப்பு. மண்ணெண்ணெய்: எளிதில் தீப்பற்றக்கூடியது. சோடா உப்பு, ஒரு பொட்டலம்: வினை புரியக்கூடியது. மோர்: நொதித்தல் நடைபெறுகிறது.

"ஏம்மா, இத்தனை பொருளை எவ்வளவு நாளா வெச்சிருக்கீங்க?"

"கண்ணாலம் ஆகி வந்ததுல இருந்துங்க."

"அனுமதி?"

"எங்க மாமியாகிட்ட வாங்குனதுங்க" என்றாள் மாதம்மாள். உண்மையில் அவளுக்குக் கேள்வி புரியவில்லை.

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. மாதம்மாளின் சமையல்கட்டு, பதினெட்டு ஆண்டுகளாக அனுமதியின்றி இயங்கிவரும் ஓர் ஆய்வகம் என்று மன்றம் கண்டறிந்திருந்தது. ஆய்வகம் இருப்பது விண்ணப்பத்துக்குச் சாதகம். அனுமதி இல்லாதது பாதகம். இரண்டும் சமன் ஆவதால் விண்ணப்பம் அடுத்த நிலைக்கு அனுப்பப்படுகிறது. அதுவரை வாசலில் 'ஆய்வகம். உரியவர் தவிர எவரும் நுழையக் கூடாது' என்று பலகை வைக்க வேண்டும். உள்ளே உணவு உண்ணுதல் கண்டிப்பாகத் தடை.

பலகை வைத்தார்கள். உரியவள் மாதம்மாள் மட்டும் என்பதால் சின்னுசாமி அன்றிலிருந்து மாட்டுக் கொட்டகை ஓரம் குந்திச் சாப்பிட்டான். எவனாவது வந்து பார்த்துவிட்டு ஒப்புதலைக் கெடுத்துவிடுவானோ என்று அவனுக்கு உண்மையாகவே பயம். மழை பெய்தால் தட்டைத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். "புள்ள படிச்சாச் சரி" என்பான்.

கோகிலா அதற்குள் பழைய புத்தகத்தின் முதல் பாகத்தை முடித்திருந்தாள். சமன்பாடுகளைச் சமன்செய்வதில் அவளுக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. இந்தப் பக்கம் எத்தனை போகிறதோ அத்தனையும் அந்தப் பக்கம் வந்தாக வேண்டும், ஒன்று குறையக் கூடாது, ஒன்று கூடக் கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பாள். மாதம்மாளுக்குப் பாதிதான் புரியும். ஆனால் அதைச் சொல்லும்போது பிள்ளை முகத்தில் வலி தெரியாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

*

டிசம்பர் மூன்றாம் தேதி நேரில் வரச் சொல்லி ஆணை வந்தது. மாணவியும் வர வேண்டும். வீட்டிலிருந்து வெளியே வர முடியாதவர்களுக்கான திட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர், வீட்டிலிருந்து வெளியே வர முடியாது என்பதை நேரில் வந்து தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

சின்னுசாமி ஒரு பிக்கப் வண்டியைப் பேசி, பின்னால் இரண்டு மெத்தையை விரித்து, கோகிலாவைப் படுக்கவைத்தான். மாதம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு அவள் இடுப்பைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கோகிலா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். கீழே இறங்கியபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

மாடிப்படிக்குக் கீழேயே பிரபாவதி காத்திருந்தாள். மாதம்மாளைத் தனியே கூப்பிட்டு, உரக்கடைக்காரர் காதில் விழாதபடி சொன்னாள்: "அம்மா, உள்ள ஒரு பரீட்சை வெப்பாங்க. உங்க பொண்ணு தொடக்கநிலைதானான்னு பாக்க. நூத்துக்கு எட்டுக்குக் கீழ எடுத்தாத்தான் தொடக்கநிலை. ஒண்ணும் எழுத வேண்டாம்னு சொல்லுங்க. வெறும் தாளைக் குடுத்துட்டா ஒப்புதல் கையில."

"ஒண்ணுமே எழுதக் கூடாதுங்களா?"

"ஒண்ணுமே. பேரை மட்டும் எழுதட்டும். நானும் ரெண்டு புள்ளை பெத்தவம்மா."

மாதம்மாள் கோகிலாவின் காதோடு குனிந்தாள். "கண்ணு, தெரியாத மாதிரி இருந்துரு."

"எத்தனை கேள்விக்கும்மா?"

"எல்லாத்துக்குந்தான் சாமி."

கோகிலா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "சரிம்மா" என்றாள்.

அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். அரைவட்ட மேசை. ஐந்து பேர். நடுவில் முனைவர் மணிவண்ணன். அவர் முனைவர் பட்டம் பெற்றது கூட்டுறவுச் சங்க நிர்வாகத்தில். கோகிலாவின் முகத்தைப் பார்த்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து நின்றார்.

"அன்பான பெற்றோரே!" என்று ஆரம்பித்தார். அறையில் இருந்த பெற்றோர் இரண்டே பேர். "அந்தக் காலத்தில் நமக்கு என்ன பாடம் என்று எவனோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்தான். நாம் படித்தோம். தேர்ச்சி பெற்றோம். வேலைக்குப் போனோம். இது எவ்வளவு பெரிய அடிமைத்தனம்! இன்றைக்கு அந்த நிலை இல்லை. இந்த மன்றம் தொடங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. இதுவரை நாற்பத்தொரு விண்ணப்பம். ஒன்றில்கூட நாங்கள் எந்தப் பெற்றோர் மீதும் எந்தப் பாடத்தையும் திணிக்கவில்லை. ஒரு குழந்தைக்குக்கூட எங்களால் எந்தப் பாடமும் போய்ச் சேரவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்வேன். என்னிடம் சிலர் கேட்கிறார்கள், ஐயா, உங்களுக்கு வேதியியல் தெரியுமா என்று. தெரியாது. தெரிந்தால் பாரபட்சம் வரும். தெரியாததால்தான் என்னால் ஐந்தையும் சமமாகப் பார்க்க முடிகிறது."

மற்ற நால்வரும் கை தட்டினார்கள். கை தட்டல் முடியும்வரை கோகிலா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு வினாத்தாள் கொடுத்தார்கள். இருபத்தைந்து கேள்விகள். ஒரு மணி நேரம். மாதம்மாள் எதிர்ச்சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலா பெயரை எழுதினாள். பேனாவைக் கீழே வைத்தாள். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கும்போது அவள் உதடு லேசாக அசைந்ததையும், ஒவ்வொன்றுக்கும் பதில் அவள் வாய்க்குள் வந்து போனதையும் மாதம்மாள் பார்த்தாள். பேனா அசையவில்லை. ஐம்பது நிமிடம் அப்படியே போயிற்று. மாதம்மாள் மூச்சை மெல்ல விட்டாள்.

கடைசிக் கேள்வியில் கோகிலா நின்றாள். அதைத் திரும்பப் படித்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். பக்கத்தைத் திருப்பி வைத்தாள். மறுபடி திருப்பினாள். பிறகு பேனாவை எடுத்து இரண்டே வரி எழுதினாள்.

தாளை வாங்கிய தலைவர் இருபத்துநான்கு வெற்றிடங்களையும் பார்த்து முகம் மலர்ந்தார். கடைசிப் பக்கத்தில் அவர் முகம் மாறியது. அது அவரே எழுதிச் சேர்த்த கேள்வி. மக்னீசியத்தை அமிலத்தில் போட்டால் என்ன ஆகும் என்ற சமன்பாடு. அதற்குப் பத்து மதிப்பெண். வேதியியல் படித்த எவர் கண்ணிலும் படும் தவறு ஒன்று அதில் இருந்தது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கோகிலா கேள்வியில் ஓர் எழுத்தை அடித்துவிட்டு, சமன்பாட்டைச் சரிசெய்து, கீழே எழுதியிருந்தாள்: 'ஹைட்ரஜன் ஒற்றையாக நிற்காது. இரண்டிரண்டாகத்தான் வெளியே வரும்.'

"கேள்வியை அடிச்சிருக்கா" என்றார் தலைவர். "கதிர்வேல், இங்க வாங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியுமே. இந்தப் பொண்ணு எழுதினது சரியா தப்பா?"

ஓரமாக நின்றிருந்த கதிர்வேல் வந்து தாளை வாங்கினார். தப்பு என்று சொன்னால் போதும். பூஜ்யம். பூஜ்யம் வாங்கினால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். சொல்லு சாமி, தப்புன்னு சொல்லு, என்று மாதம்மாள் அந்த மனிதரின் முகத்தையே பார்த்தாள். கதிர்வேல் தாளைப் படித்தார். அவர் முகத்தில் மெல்ல ஏதோ வெளிச்சம் வந்தது. ஜீப்பில் வந்த கதிர்வேலிடம் அது இல்லை. மன்றத்தில் இரண்டு வருடமாக அவரிடம் யாரும் வேதியியலில் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"சரிங்க ஐயா" என்றார். "ரொம்பச் சரி. ரொம்ப அழகா எழுதியிருக்கா." பிறகு கோகிலாவிடம் திரும்பி, "எந்த ஸ்கூல்மா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள்.

"நான் அங்கதாம்மா வேதியியல் வாத்தியார்" என்றார் கதிர்வேல். "இங்க மாற்றுப்பணியில போட்டிருக்காங்க. ரெண்டு வருசமாச்சு. அங்க என் இடத்துல யாரும் இல்ல, காலியாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே பிறகுதான் உறைத்ததுபோலத் தாளைக் கீழே வைத்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பத்து மதிப்பெண். வரம்பு எட்டு. இந்த மாணவி தொடக்கநிலையாளர் இல்லை. இந்தத் திட்டம் தொடக்கநிலையாளர்களுக்கு மட்டும்."

"அப்ப அடுத்த நிலையில சேர்த்துக்கங்க" என்றான் சின்னுசாமி.

"அதுக்குத் தொடக்கநிலையை முடிச்ச சான்றிதழ் வேணும்."

"அதுக்கு எங்கீங்க போறது?"

"தொடக்கநிலையில சேரணும்."

மாதம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. "ஏனுங்க ஐயா, எம்புள்ள தெரியாதுன்னு இருந்தாச் சேத்துக்குவீங்க. தெரிஞ்சதுனால சேத்துக்க மாட்டீங்க. அப்ப நாங்க என்னதான் பண்றதுங்க?"

"அதை நாங்க சொல்லக் கூடாதும்மா" என்றார் முனைவர் மணிவண்ணன், மிகுந்த பரிவோடு. "அது உங்க சுதந்திரத்துல தலையிடுறது."

*

சான்றிதழின் அசலைத் திரும்ப வாங்க ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. 'ஐந்து பாடத்திட்டங்களையும் பரிசீலித்து, எதுவும் தேவையில்லை என்று என் சொந்த விருப்பத்தின் பேரில் தேர்ந்தெடுக்கிறேன்' என்று தயாராக அச்சடித்து வைத்திருந்தார்கள். அப்படி ஒரு கட்டு இருந்தது. பிரபாவதி அதை மேசையில் வைத்துவிட்டு மாதம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

சின்னுசாமி, "போடாத" என்றான். மாதம்மாள் கோகிலாவைப் பார்த்தாள். நானூற்று எழுபத்தொன்று அந்தக் கண்ணாடி பீரோவுக்குள் கிடந்தது. போட்டாள். போடும்போது யாரோ படம் எடுத்தார்கள்.

திரும்பும் வழியில் மலை ஏற ஆரம்பித்ததும் மாதம்மாளால் அடக்க முடியவில்லை. "எழுதாத எழுதாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. கேட்டியா நீ? உனக்கு அந்த ரெண்டு வரி எழுதாம இருக்க முடியலையா?"

கோகிலா மெத்தையில் மல்லாந்து படுத்து மேலே ஓடும் மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபத்துநாலுக்கும் இருந்தேம்மா. அந்த ஒரு எடத்துலதான் கை நிக்கல" என்றாள்.

தான் பிள்ளையைத் திட்டியது எதற்காக என்று அப்போதுதான் மாதம்மாளுக்கு உறைத்தது. சரியாக எழுதியதற்காக. அவள் மகளின் நெற்றியைத் தடவினாள். கோகிலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த வளைவில் வண்டி குலுங்கியபோதும் அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை.

*

அடுத்த ஜூனில் கோகிலா ஊன்றுகோலோடு பள்ளிக்குப் போனாள். தன்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு பிளஸ் ஒன்னில் உட்கார்ந்தாள். வேதியியல் ஆசிரியர் இல்லாததால் அந்த ஆண்டு அறிவியல் பிரிவு நடத்த முடியாது என்று தலைமையாசிரியர் வருத்தத்தோடு சொன்னார். அவர் நல்ல மனுஷர்தான். கோகிலாவுக்கு வணிகவியல் கொடுத்தார். அங்கேயும் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று ஏதோ இருந்தது. அவள் அதில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூலையில் ஒரு சந்தை நாள். மிளகு மூட்டையோடு மாதம்மாள் செம்மேட்டுக்குப் போயிருந்தாள். பேருந்து நிறுத்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் அவள்தான். குனிந்து கையெழுத்துப் போடுகிறாள். முகத்தை வெளிச்சமாக்கியிருந்தார்கள், கிட்டத்தட்டச் சிரிப்பதுபோல் இருந்தது. 'தேர்வு உங்கள் கையில். மலைவாழ் தாய் ஒருவர் தன் மகளுக்கான வேதியியலைத் தானே தேர்ந்தெடுக்கிறார்' என்று கீழே எழுதியிருந்தது. கோணியைச் சுமந்தபடி அவள் அதன் முன்னால் நின்றாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்கதானுங்க அது?"

ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். பெயர் பாப்பாயி என்றும், மலையில் பைல்நாட்டுக்கு அடுத்த நாட்டுக்காரி என்றும் சொன்னாள். கூட அவள் மகள் சங்கீதா, பத்தாம் வகுப்பு முடித்தவள். அவர்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பேருந்தையும் நிறுத்திவிட்டதால் வீட்டிலிருந்தே படிக்கப்போகிறாளாம். மன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம்.

"எனக்கு ஒரு எழுத்துந் தெரியாதுங்க்கா. அஞ்சுல எதுன்னு எப்பிடிங்க முடிவு பண்றது? உங்க படத்தைப் பாத்தனுங்க, சரி, நம்மாளு ஒருத்தி பண்ணியிருக்கறா, அவகிட்டயே கேட்டுக்கலாம்னு நாலு சந்தையாத் தேடறேன். நீங்க தேர்ந்தெடுத்ததையே நாங்களும் எழுதிர்றோமுங்க."

அந்தப் பிள்ளை அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியது. "எனக்கு மொத இருபது தனிமமும் வரிசையாத் தெரியுமுங்க அத்தை. எண்ணோட சொல்லுவேன். சொல்லட்டுங்களா? ஹைட்ரஜன் ஒண்ணு, ஹீலியம் ரெண்டு..."

மாதம்மாள் கோணியைக் கீழே இறக்கி வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்து, யார் காதிலும் விழாதபடி சொன்னாள்:

"சொல்லாத சாமி. அதை யாருகிட்டயும் சொல்லிராத."